பச்சை ஏறாத தட்டுகள்

சங்கமித்ராவுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்று பெங்களூர் அடுகோடியில் அவளோடு வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். அது மரியாதைக்குச் சொல்வது. மூக்கு நுனியில் நிற்கிற கோபம் என்றால் இரண்டு விநாடியாவது நிற்க வேண்டாமா? அவளுடையது நிற்காது. வாயைவிட்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கே தெரியும். அப்படிப்பட்டவள் போன வருஷம் ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும், முழுசாக நான்கு மாதம், ஒரு பூஞ்சையோடு மல்லுக்கு நின்றாள். பூஞ்சையைத் திட்டி என்ன பயன்? அதற்குக் காதா இருக்கிறது? அதனால் அவள் மனிதர்களைத் திட்டினாள். அங்கேதான் எல்லாம் கெட்டது.

வயது நாற்பத்து மூன்று. பிறந்தது கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். அப்பா பூமிக்கடியில் வேலை செய்தவர். சுரங்கத்தை இழுத்து மூடியபோது இவள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பை முடித்த கையோடு பெங்களூருக்கு ரயில் ஏறினாள். காலையில் ரயில், சாயங்காலம் ரயில், உட்கார இடம் கிடைத்தால் அன்றைக்குத் திருவிழா. ஆறு வருஷம் அப்படி ஓடியது. அந்த ரயிலிலேயே பார்த்துப் பழகிய ரெமிஜியஸைக் கட்டிக்கொண்டாள். அவனும் தங்கவயல்காரன்தான், ஒரு ஹோட்டலில் எலக்ட்ரீஷியன். கல்யாணத்தில் இவள் வீட்டார் பௌத்த முறையில் பஞ்சசீலம் சொன்னார்கள், அவன் வீட்டார் ஜெபம் சொன்னார்கள், இரண்டு வீட்டாரும் பிரியாணியில் ஒன்றானார்கள். இப்போது ஆஸ்டின் டவுனில் வாடகை வீடு.

வேலை அடுகோடியில், ஒரு லேத் பட்டறைக்கு மேலே இருக்கிற இரண்டு மாடியில். கீழே இரும்பு கத்தும். மேலே சத்தமே இல்லாமல் பூஞ்சை வளரும். டிரைக்கோடெர்மா என்று பெயர். இஞ்சி போடுகிற விவசாயிகள் இதன் பச்சைத் தூளை எருவில் கலந்து நிலத்தில் போடுவார்கள். இஞ்சிக் கிழங்கை அழுக வைக்கிற கெட்ட பூஞ்சையை இந்த நல்ல பூஞ்சை தின்றுவிடும். அந்தப் பச்சைத் தூள் முழுக்க அதன் வித்து. வித்து இல்லையென்றால் விற்க ஒன்றுமில்லை.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. இந்தப் பூஞ்சை எடுத்த எடுப்பில் வித்து வைக்காது. முதலில் வெள்ளை வெளேரென்று நூல் நூலாகப் படரும். சாப்பாடும் இருட்டும் இருக்கிற வரைக்கும் அதற்குக் கவலையே கிடையாது, படர்ந்துகொண்டே போகும். வெளிச்சம் பட்டால்தான் அதற்கு உறைக்கும். படுத்திருந்த நூல்கள் நிமிரும், பொடிப் பொடியாகக் காம்பு விடும், காம்பு கிளை விடும், கிளை நுனியில் பச்சைப் பச்சையாக வித்து பிடிக்கும். வெளிச்சம் இல்லாவிட்டாலும் பட்டினி போட்டால் விடும். பிளேடால் ஒரு கீறு கீறினால் கீறிய இடத்தில் விடும். வாழ்க்கை சுகமாக இருக்கிற வரைக்கும் பிள்ளைகுட்டி பற்றி நினைக்காது, ஏதாவது இடைஞ்சல் வந்தால்தான் நினைக்கும். எப்போது விடுவது, எப்போது சும்மா இருப்பது என்பதெல்லாம் அதற்குள்ளேயே எழுதி வைத்திருக்கிற கணக்கு.

அந்தத் தாய்ப் பூஞ்சையைக் காப்பாற்றி வைப்பது சங்கமித்ராவின் வேலை. கம்பெனியில் 'மதர்' என்பார்கள். கண்ணாடித் தட்டில் உருளைக்கிழங்குச் சாறும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய ஜெல்லியை ஊற்றி, அதில் ஒரு பட்டாணி அளவு பூஞ்சையை வைத்து வளர்க்க வேண்டும். ஜெல்லி தீர்ந்துபோவதற்குள், பதினைந்து நாளைக்கு ஒருமுறை, பழைய தட்டிலிருந்து ஒரு துண்டு வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். அந்த அறைக்கு அவள்தான் ராணி. தொப்பி, மாஸ்க், கையுறை இல்லாமல் முதலாளியே உள்ளே வர முடியாது.

பதினான்கு வருஷத்தில் அவள் கைபட்ட தட்டில் அழுக்கு விழுந்தது ஒரே ஒரு தடவை. ஐந்து வருஷத்துக்கு முன்னால். பச்சை வித்து காற்றில் பறந்து, பக்கத்தில் வளர்ந்துகொண்டிருந்த வேறொரு வெள்ளைப் பூஞ்சையில் போய் விழுந்துவிட்டது. இருநூறு பை குப்பைக்குப் போனது. முதலாளி சந்திரசேகரன் சத்தம் போடுகிறவர் இல்லை. எல்லாரையும் வைத்துக்கொண்டு, "உன்ன நம்பித்தானம்மா விட்டேன்" என்று மட்டும் சொன்னார். அவர் நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும். அன்றைக்கு முடிவெடுத்தாள், இனி என் அறையில் பச்சை என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று.

அதற்கப்புறம் மதர் தட்டுகளைக் கறுப்புக் காகிதத்தில் சுற்றி அலமாரி இருட்டில் வைத்தாள். வெளிச்சம் பட்டால்தானே பச்சை வரும்? மாற்றுகிற நாளில் ஐந்து தட்டையும் பிரித்துப் பார்ப்பாள். எது வேகமாகப் படர்ந்து முன்னால் நிற்கிறதோ அதை எடுப்பாள். அதிலும் வெளி ஓரத்தில், புத்தம் புதிதாக, பால் மாதிரி வெள்ளையாக இருக்கிற இடத்தில் வெட்டுவாள். விதைக்கு நல்ல முத்தாகப் பார்த்து எடுப்பதில்லையா, அப்படி. நோட்டில் 'வேகம் நன்று, வெள்ளை, சுத்தம்' என்று எழுதி அடியில் கோடு போடுவாள். ஐந்து வருஷமாக ஒரு அழுக்கு இல்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு, சொல்லிக்காட்டவும் செய்வாள்.

மதரிலிருந்து வளர்த்ததை மேல்மாடிக்கு அனுப்புவாள். அங்கே ருக்மிணி. ஒக்கலிபுரத்திலிருந்து வருகிறவள், காண்ட்ராக்டில் எட்டு வருஷமாக இருக்கிறாள். அரிசியை அரைவேக்காடாக வேக வைத்து, தட்டையான டிரேக்களில் பரப்பி, பூஞ்சையைத் தூவி, மூன்று நாள் கழித்து ரேக்கில் இருக்கிற டியூப் லைட்டுகளைப் போடுவது அவள் வேலை. லைட் போட்ட இரண்டாம் நாள் அரிசி பச்சை பிடிக்க ஆரம்பிக்கும். ஒரு வாரத்தில் பாசி படிந்த குளம் மாதிரி ஆகிவிடும். ருக்மிணி வாய் ஓயாமல் பேசுகிறவள். டிரேக்களோடும் பேசுவாள். "இன்னாடி, இன்னும் வெக்கமா" என்று வெள்ளையாகக் கிடப்பதைக் கேட்பாள்.

போன ஆவணியில் வந்த டிரேக்கள் வெளிறிக் கிடந்தன. பச்சை இருந்தது, ஆனால் கஞ்சத்தனமாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக. சங்கமித்ரா மைக்ரோஸ்கோப்பில் வைத்து எண்ணினாள். வழக்கமாக வருவதில் பாதிகூட இல்லை. மழைக்காலம், குளிர், அதனால் இருக்கும் என்று விட்டாள். அடுத்த பேட்ச் அதைவிட மோசம். புரட்டாசியில் வந்தது சுத்த வெள்ளை. ஏதோ துணி துவைத்துக் காயப்போட்ட மாதிரி நாற்பது டிரே. இஞ்சிக்காரர்கள் போன் மேல் போன் போட்டார்கள். சங்கமித்ராவுக்கு மண்டை காய்ந்தது.

என்னென்னவோ செய்து பார்த்தாள். அரிசியை மாற்றினாள். தண்ணீரை மாற்றினாள். நீராவியில் கிருமி கொல்கிற ஆட்டோகிளேவை இரண்டு தடவை ஓட்டினாள். மதரைப் பிரித்துப் பார்த்தாள், அது பால் வெள்ளையில் ஜம்மென்று இருந்தது, வேகமோ முன்பைவிட அதிகம். என் பக்கம் தங்கம் மாதிரி இருக்கிறது, அப்படியென்றால் மேல்மாடியில்தான் கோளாறு. இப்படித்தான் அவள் புத்தி போனது. மேல்மாடியில் இருப்பது லைட்டும் ருக்மிணியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெமிஜியஸைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவன் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு டியூபாக மீட்டர் வைத்துப் பார்த்தான். ஒயரை இழுத்துப் பார்த்தான். இரண்டு மணி நேரம் ஆனது. இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டு, "லைட்டு நல்லாத்தான் கீது, மித்ரா. உன் பூஞ்சான்ல இன்னா ஆச்சுன்னு பாரு" என்றான். அவளுக்கு வந்ததே எரிச்சல். பதினான்கு வருஷம் நான் வளர்க்கிறேன், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிறவன் எனக்குச் சொல்லித் தருகிறானாம். லைட் நன்றாக இருந்தால் போதுமா, அதைப் போட வேண்டுமே, போடுகிறவள் போடாவிட்டால் மீட்டர் என்ன செய்யும் என்று பஸ்ஸிலேயே ஆரம்பித்து வீடு வரைக்கும் பொரிந்து தள்ளினாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

அதற்கு மூன்றாம் நாள் மத்தியானம் மேல்மாடிக்குப் போனாள். லைட்டெல்லாம் அணைந்திருந்தது. ருக்மிணி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். டிரே அறையில் ஜன்னல் திறக்கக் கூடாது, ஃபேன் போடக் கூடாது, நாற்பது டியூப் எரிந்தால் அடுப்பு மாதிரி இருக்கும். சாப்பிடுகிற அரை மணி நேரம் மட்டும் அணைத்து வைத்தேன் என்றாள் ருக்மிணி. எட்டு வருஷமாக அப்படித்தான் செய்கிறாளாம், அப்போதெல்லாம் பச்சை வரத்தானே செய்தது என்றும் கேட்டாள். சரியான கேள்வி. சங்கமித்ராவின் காதில் விழுந்தால்தானே?

"நீ எத்தினி மணிக்கு அணைக்கிற, எத்தினி மணிக்குப் போடறன்னு யாரு பாத்தா? மறந்துட்டு வீட்டுக்குப் போயிருப்ப. அதான் எல்லாம் வெள்ளையா கெடக்குது."

ருக்மிணி சத்தியம் செய்தாள். சங்கமித்ரா படியிறங்கிவிட்டாள்.

இடையில் ஹரிஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேனேஜர், நாமக்கல் பையன், முப்பது வயது இருக்கும். சாஃப்ட்வேரில் இருந்துவிட்டு இங்கே வந்தவன். மரியாதைக்காரன், குரலே உயராது. ஆனால் எதற்கும் ஒரு படிவம் வைத்திருப்பான். ஒரு பேட்ச் கெட்டால் 'காரணம்' என்ற கட்டத்தில் யாராவது ஏதாவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அவனுக்குத் தூக்கம் வராது. நான்கு பேட்ச்சுக்குக் கட்டம் காலியாகக் கிடந்தது. அன்றைக்குச் சங்கமித்ரா கோபம் ஆறுவதற்குள் உட்கார்ந்து நான்கு கட்டத்திலும் எழுதினாள்: 'டிரே அறையில் முறையாக வெளிச்சம் கொடுக்கப்படவில்லை. பணியாளரின் கவனக்குறைவு.' கையெழுத்தும் போட்டாள். ருக்மிணியை வேலையைவிட்டுத் தூக்கச் சொல்லி அவள் எழுதவில்லை. அப்படி எழுதினால்தான் தூக்குவார்களா என்ன? அந்த வாரமே காண்ட்ராக்டர் போன் பண்ணி, நாளையிலிருந்து வராதே என்று ருக்மிணியிடம் சொல்லிவிட்டான்.

போகிற அன்றைக்கு ருக்மிணி சங்கமித்ராவின் அறை வாசலுக்கு வந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றாள். தொப்பி இல்லாமல் உள்ளே வர முடியாது. இவள் இரண்டு கையும் தூசி புகாத வேலைப் பெட்டிக்குள்ளே, பர்னர் எரிகிறது, தட்டு திறந்திருக்கிறது. கொஞ்சம் இரு என்று கண்ணாலேயே சொன்னாள். வேலையை முடித்துக் கையுறையைக் கழற்றிக்கொண்டு வெளியே வர இருபது நிமிஷம் ஆனது. ருக்மிணி போய்விட்டிருந்தாள்.

அப்புறம் டிரே அறையைச் சங்கமித்ராவே எடுத்துக்கொண்டாள். காண்ட்ராக்டர் அனுப்பிய புது ஆளை நம்பாமல் லைட் சுவிட்சுக்கு மேலே டேப் ஒட்டினாள். காலையில் அவளே போட்டாள், பன்னிரண்டு மணி நேரம் எரிய விட்டு அவளே அணைத்தாள். வேர்வையில் நனைந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். ஐந்தாம் நாள் வெள்ளை. ஏழாம் நாள் வெள்ளை. பத்தாம் நாள் டிரேயைத் தூக்கிக் கீழே அடிக்கலாமா என்று இருந்தது. அடித்தாள். அரிசி சிதறிக் கிடந்ததைப் பெருக்கியதும் அவள்தான். ஆத்திரத்தில் கண்ணீர் வந்துவிட்டது, மாஸ்க்குக்குள் மூக்கு ஒழுகியது, அதைத் துடைக்கக்கூட வழியில்லை.

பெருக்கிக்கொண்டிருக்கும்போதுதான் அது உறைத்தது. லைட் இருக்கிறது. நான் இருக்கிறேன். ருக்மிணி இல்லை. இன்னும் வெள்ளை. அப்படியென்றால்? கையில் துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். அப்படியென்றால் என்ன என்று முடித்துச் சொல்ல அவளுக்குத் துணிவு வரவில்லை.

மறுநாள் கீழே குளிர்பெட்டியின் பின்பக்கத்தைக் குடைந்தாள். ஏழு வருஷத்துக்கு முன்னால், இந்தப் பூஞ்சையை ஒரு இஞ்சித் தோட்டத்து மண்ணிலிருந்து பிரித்தெடுத்த புதிதில், கொஞ்சத்தை உலர்ந்த மண்ணில் கலந்து குழாயில் அடைத்து வைத்திருந்தாள். அதே தாயின் பழைய வடிவம், இந்த ஏழு வருஷமும் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பினாள். பிறகு நான்கு தட்டு எடுத்தாள். இரண்டில் பழசு, இரண்டில் இப்போதைய மதர். இரண்டு ரகத்திலும் ஒவ்வொரு தட்டை லைட்டுக்கடியில் வைத்தாள், ஒவ்வொன்றை இருட்டில். படர்ந்ததும் இருட்டில் இருந்த இரண்டையும் லேசாகப் பிரித்து, பிளேடால் நடுவில் ஒரு கோடு கீறி மறுபடி மூடினாள். அவளுடைய மதர் தட்டு ஒன்று ஐந்து வருஷத்தில் நாள் முழுக்க லைட்டுக்கடியில் கிடந்தது அந்தத் தடவைதான்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தாள். லைட்டுக்கடியில் இருந்த பழசு வட்டம் போட்டுப் பச்சை பிடித்திருந்தது, அடர்ந்த பச்சை. இருட்டில் இருந்த பழசு வெள்ளையாகக் கிடந்தாலும் கீறிய கோட்டில் மட்டும் பச்சை நூல் ஓடியது. பக்கத்தில் அவளுடைய மதர். லைட்டிலும் வெள்ளை, இருட்டிலும் வெள்ளை, கீறிய இடத்திலும் வெள்ளை. மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். நூல், நூல், நூல். ஒரு காம்பு இல்லை. பார்க்கப் பஞ்சு மாதிரி அழகாக இருந்தது. வெளிச்சத்தைக் காட்டினாலும் கத்தியைக் காட்டினாலும் இனி எனக்கு உறைக்காது என்கிற மாதிரி கிடந்தது.

அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை இது. கல்லூரியில் படித்ததுதான். ஒரே தட்டில் வளர்கிற பூஞ்சை எல்லாம் ஒன்றுபோல இருக்காது. எங்கோ ஒரு மூலையில் ஒரு துணுக்கு, காம்பு விடுகிற கணக்கை மறந்துவிடும். வித்துக்குச் செலவழிக்கிற சத்தையும் சேர்த்து அது ஓட்டத்தில் போடும், அதனால் மற்றதைவிட முந்திக்கொண்டு ஓரத்துக்கு வரும். இவள் பதினைந்து நாளைக்கு ஒருமுறை, ஐந்து வருஷமாக, முந்தி வந்தது எது என்று தேடித் தேடி அதன் ஓரத்தை வெட்டியிருக்கிறாள். நூற்றிருபது தடவை. கறுப்புக் காகிதம் சுற்றி வைத்ததால், அது இருட்டினால் பச்சை ஆகாமல் இருக்கிறதா அல்லது பச்சை ஆகவே முடியாமல் போனதா என்று பார்க்க வழியும் இல்லாமல் செய்துவிட்டாள். நோட்டைத் திறந்தாள். வேகம் நன்று, வெள்ளை, சுத்தம். வேகம் நன்று, வெள்ளை, சுத்தம். அவள் கையெழுத்து அழகாகத்தான் இருந்தது. அந்தக் கையை என்ன செய்யலாம் என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை நான்கு தட்டையும் எடுத்துக்கொண்டு போய் முதலாளியின் மேஜையில் வைத்தாள். ஹரிஷும் இருந்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னாள். சந்திரசேகரனுக்குப் பச்சைத் தட்டைப் பார்த்ததும் முகம் தெளிந்துவிட்டது. பழசு உயிரோடு இருக்கிறதே, அதிலிருந்து போடலாமே, இந்த மாதமே அனுப்பிவிடலாமே என்று அவர் கணக்கு ஓடியது. நல்ல வேலை செய்தாயம்மா என்று பாராட்டக்கூடச் செய்தார். அந்தப் பாராட்டு அவளுக்கு அடித்த மாதிரி இருந்தது. ருக்மிணி விஷயம் என்று ஆரம்பித்தாள். அது காண்ட்ராக்டர் பாடு என்றார் அவர். அந்த நான்கு படிவத்தையும் மாற்றி எழுத வேண்டும் என்றாள் அவள்.

ஹரிஷ் தயங்கினான். "மேடம், மதர் பழசாயிடுச்சுன்னு பொதுவா எழுதிரலாங்க. இப்ப அத மாத்துனா உங்க பேருதானுங்க வரும்."

"என் பேருதான வரணும்" என்றாள் சங்கமித்ரா. நான்கு கட்டத்திலும் பழையதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, மதரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தது நான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு யாரும் பாராட்டவில்லை. இரண்டு நாளில் ஒரு மெயில் வந்தது, இனி மதர் கல்ச்சர் பொறுப்பு ஹரிஷிடம் இருக்கும், குளிர்பெட்டிச் சாவியை ஒப்படைக்கவும் என்று. ஒப்படைத்தாள். வேலை போகவில்லை, ராஜ்ஜியம் போனது. ருக்மிணியைத் திரும்பக் கூப்பிடச் சொல்லிக் கேட்டதற்கு, இடம் நிரம்பிவிட்டது, பிறகு பார்க்கலாம் என்று பதில். காண்ட்ராக்டருக்கு மூன்று தடவை போன் செய்தாள். மூன்றாவது தடவை அவன் எடுத்து, இதுக்கெல்லாமா மேடம் போன் பண்ணுவீங்க என்று கேட்டு வைத்துவிட்டான். சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒக்கலிபுரத்துக்குப் போனாள். ரெமிஜியஸ் கூட வருகிறேன் என்றான், வேண்டாம் என்றாள். நீ சொன்னதுதான் சரி என்று அவனிடம் இன்னும் அவள் சொல்லவில்லை, அதை வேறொரு நாளைக்கு வைத்திருந்தாள். ரயில்வே லைனை ஒட்டிய சந்தில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தாள். ருக்மிணி வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஈரக் கையோடு எழுந்து, வாக்கா என்றாள்.

நின்றபடியே சங்கமித்ரா சொன்னாள். மதர் கெட்டுப்போயிருந்தது, கெடுத்தது நான், லைட் சரியாகத்தான் எரிந்தது, நீ அரை மணி நேரம் அணைத்ததால் ஒன்றும் ஆகவில்லை, எழுதியது தப்பு, அடித்துவிட்டுத் திருத்தி எழுதிவிட்டேன். வேலைக்குத் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார்கள், அதற்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மன்னித்துக்கொள் என்பதை மட்டும் மெல்ல முழுங்கிச் சொன்னாள்.

ருக்மிணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

"நான் மறந்துட்டேன்னே நெனச்சிட்டேன்க்கா" என்றாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. நீ அவ்ளோ படிச்சவ, உன் ரூம்ல ஒரு தூசி இருக்காது. அன்னிக்கி உன் வாசல்ல வந்து நின்னது கூட அதக் கேக்கத்தான், நெஜமாவே மறந்துட்டனான்னு. அப்பால வீட்ல அந்தாளுகிட்ட நானே சொல்லிட்டேன், என் தப்புதான், லைட்ட மறந்துட்டேன்னு."

ருக்மிணி துணி வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

"அதுலேர்ந்து எங்க வீட்ல யாரும் என்ன நம்பறதில்ல. கேஸ மூடினியான்னு அந்தாளு கேக்கறாரு. நான் அடுப்ப விட்டு நவுந்தா என் பொண்ணு பின்னாலயே போயி திருகிப் பாக்குது. நானே எந்திரிச்சிப் போயிப் பாக்கறேன், எனக்கே நம்பிக்கை இல்ல." உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "வேலைய வுடு. கார்மெண்ட்ஸ்ல சேந்துட்டேன். நீ இப்ப எங்கிட்ட சொன்னத உள்ள வந்து அவங்க எதிர்ல ஒரு தபா சொல்லு."

ஒரே அறை, ஓரத்தில் தடுத்த அடுப்படி. கணவன் கட்டிலில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். ஏழாவது படிக்கிற மகள் யாமினி தரையில் நோட்டைப் பரப்பி வைத்திருந்தாள். கம்பெனி மேடம் என்றதும் அவர் சத்தத்தைக் குறைத்தார். ருக்மிணி நேரே அடுப்படிக்குள் போய் டீக்குத் தண்ணீர் வைத்தாள். சங்கமித்ரா பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, வாசலில் சொன்னதை மறுபடி முதலிலிருந்து சொன்னாள். இந்தத் தடவை பூஞ்சை, மதர் எல்லாம் எதற்கு என்று தோன்றியது.

"ருக்மிணி லைட்ட மறக்கல. ஒரு நாளும் மறக்கல. தப்பு பண்ணது நான். என் தப்ப அவ மேல எழுதிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். எவ்வளவு புரிந்தது, எவ்வளவு நம்பினார் என்று தெரியவில்லை. யாமினி மட்டும் பேனாவை மூடிவிட்டு இவளையே பார்த்தாள்.

"அப்ப எங்கம்மா லைட் போட்டுகினுதான் இருந்தாங்களா?"

"டெய்லி போட்டாங்க" என்றாள் சங்கமித்ரா.

ருக்மிணி மூன்று டம்ளரில் டீ கொண்டு வந்தாள். கண்ணைத் துடைத்திருக்கிறாள் என்பது தெரிந்தது, முகம் கொஞ்சம் விடிந்துமிருந்தது. சங்கமித்ராவுக்கு ஒன்றைக் கொடுத்து, கணவனுக்கு ஒன்றைக் கொடுத்து, தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். யாமினி எழுந்து அம்மாவைத் தாண்டி அடுப்படிக்குப் போனாள். கேஸ் சிலிண்டரின் குமிழைத் திருகிப் பார்த்துவிட்டு வந்து, பழைய இடத்தில் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்தாள்.